பீரோவுக்குள் இரண்டு ஜோடி ஷூ

ஜவ்வாது மலையில், பாதி ஏற்றத்தில், என் வலது ஷூவின் அடிப்பாகம் என்னை விட்டுப் பிரிந்து போனது.

சண்டை சச்சரவு எதுவும் இல்லை. நான் மேலே போனேன். அது அங்கேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பாறைமேல் தனியாகக் கிடக்கிறது. பத்தடி நடப்பதற்குள் இடது காலும் வாயைத் திறந்துகொண்டது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். உள்ளே மெத்தென்று இருக்க வேண்டிய பகுதி, பழைய ரஸ்க் மாதிரி விரலில் உதிர்ந்தது.

இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. இதில் வருத்தம் என்னவென்றால், சென்னையின் மேற்குப் பக்கத்திலேயே அந்த அளவுக்குப் பரிசோதிக்கப்பட்ட ஷூ வேறு இருக்க முடியாது. பரிசோதித்தவர் என் வீட்டுக்காரர்.

இந்தப் பத்தியை வாராவாரம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அருளைத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக — முழுப்பெயர் அருளப்பன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வெளியிலிருந்து வரும் சாமான்களைச் சோதித்து, நல்லதை உள்ளே விட்டு, மட்டமானதைத் திருப்பி அனுப்புவது வேலை. திருப்பி அனுப்ப வேண்டியதன் கழுத்தில் ஒரு சிவப்பு டேக் கட்டுவார்கள். அவர் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து சிவப்பு டேக் இருக்கும். துவைக்கப் போடும்போது எனக்குக் கிடைக்கும்.

பட்டாபிராமில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர், இவர் கேட்டைத் திறப்பதைப் பார்த்தால் வண்டியை வேகமாகத் தள்ளிவிடுவார். கத்தரிக்காயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவருக்கு யார்தான் மனசார விற்பார்கள்?

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் மலையேறும் ஆசை வந்தது.

அதுவரை எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே பயணம் வேளாங்கண்ணி. அதற்கு வேண்டிய சாமான்கள் — ஒரு பாய், டிபன் கேரியர் நிறையப் புளிசாதம், தலைக்கு ஒரு துண்டு. எதையும் யாரும் பரிசோதித்தது கிடையாது. மாதா பார்த்துக்கொள்வாள் என்று கிளம்பிவிடுவோம். அவளும் பார்த்துக்கொண்டாள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் அருள் வேலையிலிருந்து வந்ததும் செல்போனை நீட்டினார். கூட வேலை பார்ப்பவர் அனுப்பிய போட்டோ. மலை உச்சி. ஒரு சின்ன டென்ட். அதன் வாசலில் இரண்டு ஜோடி ஷூ. ஆள் யாரும் இல்லை.

"ரெஜி, நாம ரெண்டு பேரும் இந்த மாதிரி ஒரு நாள் போய்ப் படுத்துட்டு வரலாமா?" என்றார்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் 'நாம ரெண்டு பேரும்' என்று அவர் ஆரம்பித்த வாக்கியங்கள் ரொம்பக் குறைவு. அவற்றில் பாதி, ரேஷன் கடைக்குக் கைரேகை வைக்கப் போவதைப் பற்றியவை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை... நிஜமாகவே பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, பர்னர் அடைத்துக்கொண்டது.

அந்த போட்டோவை எனக்கும் அனுப்பச் சொன்னேன். இன்னமும் என் போனில் இருக்கிறது.

சரி, போவதென்று முடிவாகிவிட்டது. சாதாரண மனிதர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? டிக்கெட் போடுவார்கள். அருள் சாமான் வாங்க ஆரம்பித்தார்.

முதலில் தோளில் மாட்டும் பெரிய பை. வாங்கி வந்து, அதற்குள் ஒரு அரிசி மூட்டையை இறக்கி, ஹாலில் ஊஞ்சல் மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டார். ஒரு வாரம் தொங்கியது. வந்த விருந்தாளிகள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். எட்டாம் நாள் வார்ப்பட்டையில் ஒரு தையல் விட்டிருந்தது. சிவப்பு டேக். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பை. மறுபடியும் கொக்கி, மறுபடியும் அரிசி. அந்த மாதம் பொங்கிச் சாப்பிட வேண்டுமென்றால் பையை இறக்கித்தான் அரிசி எடுத்தேன்.

அடுத்து தலையில் கட்டும் டார்ச். தண்ணீர் வாளிக்குள் போட்டு மூடிவைத்தார். மறுநாள் நான் குளிக்கப் போனால், வாளிக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிறது. தேர்வானது.

குளிருக்குப் படுக்கும் பை. மே மாதம் வாங்கினார். ஆவடி வெயிலில் குளிருக்கு எங்கே போவது? ஏ.சி.யை முடிந்தமட்டும் குறைத்துவைத்து, பைக்குள் நுழைந்து, கழுத்துவரை ஜிப்பைப் போட்டுக்கொண்டு படுத்தார். காலையில் வெந்த கொழுக்கட்டை மாதிரி வெளியே வந்து, 'நல்லா இருக்கு' என்றார்.

மழைக்கோட்டைப் பரிசோதிக்க என்னை மாட்டச் சொல்லி மொட்டை மாடியில் நிற்கவைத்து ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார். முன்னால், பின்னால், கைகளைத் தூக்கச் சொல்லி அக்குளில். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த கற்பகம் மாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'ஏதாவது வேண்டுதலா?' என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட அது சுலபம்.

டென்டையும் மாடியில்தான் கட்டிப் பார்த்தோம். காங்கிரீட்டில் முளை அடிக்க முடியாதே? நாலு பக்கமும் கயிறு இழுத்து, ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியிலும், ஒன்றை டிஷ் கம்பத்திலும், மற்ற இரண்டைக் கொடிக்கம்பியிலும் கட்டினார். அதன்மேலும் ஹோஸ் பைப். ஒழுகவில்லை. ஒரு ஜிப் மட்டும் வளைவில் வந்ததும் முரண்டு பிடித்தது. அதற்காகவே டேக் கட்டியிருப்பார். அதற்குள் எங்கள் மகள் ஜென்சி உள்ளே புகுந்துவிட்டாள். காலேஜ் சேர்ந்த புதிது. தனியாகப் போன் பேச இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு இது மாடியில் கட்டிய அரண்மனை. தலையணை போய்விட்டது, பாடப்புத்தகம் போய்விட்டது, டேபிள் ஃபேன் போய்விட்டது. அந்த டென்ட் பிறகு கீழே இறங்கவே இல்லை. முரண்டு பிடித்த ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடும் என்று அவளே கண்டுபிடித்தாள்.

கடைசியாக ஷூ.

இதற்கு மட்டும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கடையிலேயே வளைத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், தையலை எண்ணினார், மோந்துகூடப் பார்த்தார். கடைக்காரர் பொறுமைசாலி. ஏ.சி. அறையில் வேறு ஆள் இல்லாததால் சகித்துக்கொண்டார். முடிவில் அருள் தலையாட்டினார். இருந்ததிலேயே விலை கூடின ஜோடி அதுதான். அவர் வாயிலிருந்து 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று வந்து நான் கேட்ட ஒரே பொருளும் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் காலில் மாட்டிக்கொண்டு மார்க்கெட் வரைக்கும் போய்விட்டு வரலாமென்று பார்த்தேன். தடுத்துவிட்டார்.

இங்கே அவர்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பொருள் எல்லாப் பரிசோதனையும் தாண்டி மிக நன்றாக இருக்கிறதோ, அதை உபயோகத்துக்கு அனுப்ப மாட்டார்களாம். உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்துப் போட்டு, பூட்டிய அலமாரியில் வைத்துவிடுவார்களாம். அதற்குப் பெயர் அப்ரூவ்டு சாம்பிள். அப்புறம் வருகிற சரக்கையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதை யாரும் தொடக் கூடாது.

இரண்டு ஜோடி ஷூவும் அப்படித்தான் பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போயின. டப்பாவுக்குள் மெல்லிய காகிதம், அதற்குமேல் பாலிதீன் கவர். கவருக்குள் மாத்திரை பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம். போதாதென்று ஓரத்தில் இரண்டு பாச்சை உருண்டை.

'மலைக்குப் போகும்போது எடுத்துக்கலாம்' என்றார்.

நம் வீடுகளில் இது புதிதா என்ன? சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் பத்து வருடம் சறுக்கிச் சறுக்கி உட்காரும் குடும்பங்கள் எத்தனை? நல்ல பீங்கான் தட்டு ஷோகேஸில் இருக்கும், நாம் நெளிந்த தட்டில் சாப்பிடுவோம். நல்லது வருகிற நாளுக்கு. அந்த நாள் எப்போது வரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மலைக்குப் போகும் நாளும் அப்படித்தான் வந்துகொண்டே இருந்தது. முதல் தடவை ஜென்சிக்குப் பரீட்சை. அடுத்த தடவை அவர் தங்கை மகனுக்கு முதல் நற்கருணை. அதற்கடுத்து மழை — பட்டாபிராமிலிருந்து ஆவடி போவதே மலையேற்றமாக இருந்த நாட்கள். மற்ற எல்லாத் தடவையும் கம்பெனியில் ஆடிட். அந்தக் கம்பெனிக்கு எத்தனை ஆடிட்டர்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நாங்கள் எந்த வாரம் கிளம்ப நினைத்தாலும் ஒருவர் கிளம்பி வருவார்.

கடைசியில் ஒரு நாள் அருள், 'ரிட்டயர் ஆயிட்டு நிம்மதியா போவோமே' என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மாடிப்படி ஏறினாலே என் முட்டி இப்போதெல்லாம் சத்தம் போடுகிறது. அதைச் சொன்னேன். நீங்கள் ரிட்டயர் ஆகும்போது எனக்கு முட்டி இருக்குமா என்று கேட்டேன்.

"முட்டிக்கு பெல்ட் இருக்கு, ரெஜி. நல்ல கம்பெனியா பாத்து வாங்கிடலாம்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது தட்டை வைத்த சத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும். கொஞ்சம்தான்.

இந்த இடத்தில் மல்லிகா வருகிறாள். முத்தாபுதுப்பேட்டைக்காரி. ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். காலையில் வேலைக்குப் போகும் லோக்கல் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பல வருடமாக நாங்கள் ஒரு கோஷ்டி. சென்ட்ரல் வரும்வரை பூ கட்டுவோம், கீரை ஆய்வோம், ஊர்வம்பு பேசுவோம். ஒரு நாள் மல்லிகா, ஜவ்வாது மலைக்கு வேன் வைத்துப் போகிறோம், ஒரு நாள் டென்டில் தங்கல், பெண்கள் மட்டும், வழிகாட்ட உள்ளூர் ஆள் உண்டு, யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். என் கை தானாகவே தூக்கிக்கொண்டது. அதில் பாதி ஆசை, பாதி கோபம்.

வீட்டில் வந்து சொன்னேன். அருள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 'போய்ட்டு வா, சாமான்லாம்தான் ரெடியா இருக்கே' என்றார். நானும் வருகிறேன், பெண்களோடு வேண்டாம், நாம் தனியாகப் போகலாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்கிறேனே — அழுகையே வந்துவிட்டது. எனக்கு மலைமேல் அப்படி ஒன்றும் மோகம் கிடையாது. இவரோடு போக வேண்டும் என்பதுதான் ஆசை.

கிளம்பும் நாள் காலையில் என் ஜோடி ஷூவைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புத்தம் புதிதாகப் பளபளத்தது. பாச்சை உருண்டை வாசனை தூக்கியடித்தது. கூடவே ஒரு நிபந்தனை. வேனில் போடக் கூடாது. அடிவாரத்தில் இறங்கி, மலை ஏறத் தொடங்கும்போதுதான் போட வேண்டும்.

அதனால் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். பட்டை வைத்த நடை செருப்பு. பட்டாபிராம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் தினமும் என்னோடு ஓடுகிற செருப்பு. மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரையும், சென்ட்ரல் கூட்டத்தையும் பார்த்தது. அதன் பட்டையில் ஒரு சிவப்பு டேக் தொங்கிக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது அருள் கட்டியது — குதிகால் தேய்ந்துவிட்டதாம், தூக்கிப்போட வேண்டுமாம். நான் போடவில்லை. டேக்கையும் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி பரிசோதிப்பார்.

அடிவாரத்தில் ஷூவை மாட்டிக்கொண்டு, செருப்பைப் பைக்குள் வைத்தால் துணி அழுக்காகுமே என்று வெளியே கட்டித் தொங்கவிட்டேன்.

மல்லிகா 'மிலிட்டரி பை' ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பச்சை நிறத்தில் எது இருந்தாலும் அது மிலிட்டரி, மிலிட்டரியாக இருந்தால் உழைக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பை பாரிவாக்கத்தில் ஒரு தையல் யூனிட்டில் தைத்தது என்று எனக்குத் தெரியும். தைத்தவரே சொன்னார். மல்லிகாவிடம் சொல்ல மனசு வரவில்லை.

முதல் ஒரு மணி நேரம் ஜோர். மேகம், காற்று, மூங்கில் புதர். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அப்புறம்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன விவாகரத்து.

வழிகாட்டி அண்ணன் வந்து பார்த்தார். உள்ளூர்க்காரர், அதிகம் பேசாதவர். கீழே கிடந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பாறை அதிகம், வெறுங்காலோடு ஏற முடியாது, வேன் அடிவாரத்தில்தான் நிற்கிறது, கூட ஆளை அனுப்புகிறேன், இறங்கிவிடுங்கள் என்றார். தப்பாகச் சொல்லவில்லை. அவர் பொறுப்பு அப்படி.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கொக்கியில் தொங்கின அரிசி, அக்குளில் அடித்த தண்ணீர், வருகிற போகிற ஆடிட்டர்கள்... எல்லாம் தாண்டி ஒரு வழியாகப் பாதி மலை வந்தால் திரும்பிப் போ என்கிறார்கள். இறங்கிவிட்டால் இனிமேல் எப்போதுமே வர மாட்டேன் என்று அந்த நிமிஷம் நிச்சயமாகத் தெரிந்தது. அவர் ரிட்டயர் ஆவார், நான் முட்டி பெல்ட் போட்டுக்கொண்டு டி.வி. பார்ப்பேன்.

மல்லிகா எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, குந்திகினே? பின்னாடி செருப்பு தொங்கிகினு கீதே, அது இன்னா தோரணமா?"

எனக்கு முதுகில் கண் இல்லையே! அவிழ்த்துக் காலில் மாட்டினேன். வழிகாட்டி அண்ணன் குனிந்து சிவப்பு டேக்கைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சர்டிபிகேட் என்றேன். நடந்து காட்டச் சொன்னார். பாறைமேல் ஏறி இறங்கிக் காட்டினேன். சரி, மெதுவாக வாருங்கள், என் பின்னாலேயே வாருங்கள் என்றார்.

இந்த இடத்தில் பழைய செருப்பைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அது ஒன்றும் உத்தமமான செருப்பு அல்ல. குதிகால் தேய்ந்ததுதான், அருள் சொன்னது சரிதான். இரண்டு இடத்தில் வழுக்கியது. ஆனால் அது எங்கே வழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஈரமான சரிவில், குதிகாலை முதலில் வைத்தால் வழுக்கும். நடைமேம்பாலத்துப் படிகளில் தினமும் பாடம் படித்தவள் நான். அதனால் விரலை ஊன்றிப் பக்கவாட்டில் போனேன். புது ஷூவோ எப்போது, எதற்காக என்னைக் கைவிடும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அதற்கும் எனக்கும் பழக்கமே இல்லையே.

கேம்பிங் போக என்ன வாங்கலாம் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எதையாவது வாங்குங்கள், ஆனால் அது உங்களுக்கு என்ன துரோகம் செய்யும் என்பதை வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துகொண்டு மலைக்குப் போங்கள்.

சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்தோம். உடனே தூறல். மல்லிகா அன்றைக்குத்தான் கவரைப் பிரித்த மழைக்கோட்டை மாட்டினாள். கையை விட்டதும் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. 'ஊட்லயே மாட்டிப் பாத்துகினு வந்திருக்கணும்க்கா' என்று கிழிந்த கோட்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். என் டென்டை எடுத்தேன். ஜென்சியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த டென்ட். எந்தக் கம்பி எந்தத் துளையில் போகும் என்று கைக்கே தெரிந்திருந்தது. ஜிப் வளைவில் முரண்டு பிடித்ததும் பாக்கெட்டிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்துத் தேய்த்தேன். ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. உள்ளே ஜென்சியின் தலைக்கு வைக்கும் எண்ணெய் வாசனை. வீட்டில் இருப்பது போலவே இருந்தது.

டென்ட், ஷூ இரண்டும் ஒரே ஆள் பரிசோதித்த சாமான். ஒன்றை மகள் தினமும் பாடாய்ப் படுத்தினாள், அது நின்றது. மற்றதைப் பொத்திப் பொத்தி வைத்தோம், அது உதிர்ந்தது. சில ஷூக்களின் உள்மெத்தை, போடாமல் வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றிலேயே மக்கிவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கல்யாணப் பட்டுப்புடவையை அப்படியே மடித்துவைத்தால் மடிப்பிலேயே விட்டுப்போகும் என்று வருடம் இரண்டு தடவை எடுத்து மடிப்பு மாற்றி வைக்கிறவள்தானே நான்? அதே பீரோ. மேல்தட்டில் புடவை. கீழ்த்தட்டைக் குனிந்து பார்க்கவில்லை.

ஓரிடத்தில், ஒரு பாறைமேல் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் வரும் என்றார்கள். இருட்டுவதற்குள் ஏறி அருளைக் கூப்பிட்டேன். ஷூ போய்விட்டது என்றேன்.

"எந்தக் கால்?" என்றார்.

"ரெண்டும்."

 எங்கே விட்டது, ஒட்டினதா தைத்ததா, உதிர்ந்ததா கிழிந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, உங்கள் ஜோடியையும் எடுத்துப் பாருங்கள் என்றேன்.

பீரோ கதவு கிறீச்சிடுவது கேட்டது. டப்பா. பாலிதீன் கவர். மெல்லிய காகிதம். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"ரெஜி... விரலை வச்சதும் கையோட வந்துடுச்சு."

 அவரே தொடர்ந்து பேசினார். அங்கே மழையா, டென்ட் ஒழுகுகிறதா, எதைப் போட்டுக்கொண்டு ஏறினாய் என்றெல்லாம் கேட்டார். உங்கள் சிவப்பு டேக் செருப்பு என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

"நானும் வந்திருக்கணும், ரெஜி."

"ஆமா. வந்திருக்கணும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிஜமாகவே சிக்னல் போய்விட்டது.

மறுநாள் வீட்டுக்கு வந்தால், அவருடைய ஷூ சாப்பாட்டு மேஜைமேல் பேப்பர் விரித்துக் கிடத்தியிருந்தது. பக்கத்தில் என்னுடையதையும் வைத்தேன். இருவரும் பார்த்தோம். காலில் ஏறாத ஒரு ஜோடி, ஒரு மணி நேரம் மட்டும் ஏறிய ஒரு ஜோடி; இரண்டிலும் ஒரு கீறல் இல்லாத மேல்தோல், அடியில் வெறும் பொடி.  அருள் வாசலுக்குப் போய்க் குனிந்து, நான் கழற்றிவிட்ட செருப்பிலிருந்து சிவப்பு டேக்கைக் கழற்றி எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த மனிதர் கட்டிய டேக்கை அவரே கழற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் திரும்பவும் ஷூ கடை. இந்தத் தடவை சும்மா வளைத்துப் பார்த்ததோடு சரி. இரண்டு ஜோடி. பில் போட்டதும் அங்கேயே உட்கார்ந்து காலில் மாட்டி, கயிறு கட்டி எழுந்தார். கடைப் பையன் டப்பாவைக் கவரில் போட்டு நீட்டினான்.

"டப்பா வேணாம்ப்பா" என்றார்.

நடுத்தரக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். எங்கள் வீட்டு லாஃப்டில் நாங்கள் முதன்முதலில் வாங்கிய மிக்ஸியின் டப்பா இன்னமும் இருக்கிறது. மிக்ஸி இல்லை.

அன்றிலிருந்து ஷூதான். அம்பத்தூர் பஸ்ஸுக்கு ஷூ. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஷூ. வேட்டிக்குக் கீழே அது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பூசை முடிந்து நேராக ஆவடி மீன் மார்க்கெட்டுக்கும் அதே ஷூ. ஈரத் தரையில் வழுக்குகிறதா என்று சங்கரா மீன் கூடைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தார். மீன்காரம்மா, 'இன்னா நைனா, மீன் வாங்க வந்தியா, வாக்கிங் வந்தியா?' என்று கேட்டாராம். இரண்டுக்கும்தான் என்றாராம். மார்க்கெட் தண்ணீர் தையல்வழி உள்ளே போய்விட்டது. கழுவிக் காயவைத்தும் வாசனை போகவில்லை.

ஆடிட் வந்தது. வராமல் இருக்குமா? நாங்கள் டிக்கெட் போட்ட அதே வாரம். அருள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஆடிட்டர் எங்கேயும் போய்விட மாட்டார் என்றார்.

போன சனிக்கிழமை போய்விட்டு வந்தோம். அதே ஜவ்வாது, அதே வழிகாட்டி அண்ணன். என் முட்டி சத்தம் போட்டது, அவருடையது அதைவிட. டென்டுக்குள் படுத்துக்கொண்டு என்ன பேசினோம் என்பது வார இதழில் எழுதுகிற விஷயம் இல்லை.

காலையில் ஜிப்பைத் திறந்தேன். வாசலில் இரண்டு ஜோடி ஷூ. போட்டோவில் இருந்தது போலவேதான், என்ன, இது கொஞ்சம் சேறு. போனை எடுக்கப் போனேன். அதற்குள் எங்கிருந்தோ ஒரு மலைநாய் வந்து, என் ஷூவைத் தாண்டிப் போய், அவருடையதை மட்டும் முகர்ந்தது, நக்கியது, வாயால் புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தையும் பார்த்தது. அருள் எழுந்து விரட்டப் போனார். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு நாய் போய்விட்டது... ரிஜெக்ட் ஆகவில்லை போலிருக்கிறது.